ஓரத்தில் பென்சில் எண்

ஜனவரி 6

அண்ணா,

நான் கடைசியாக எழுதிய கடிதம் பள்ளிக்கூடத்து லீவு லெட்டர். அதிலும் அப்பாவின் கையெழுத்தை நீதான் போட்டாய். ஆகவே இதைப் பார்த்துவிட்டுப் பாசம் பொங்கி வழிகிறது என்று நினைத்துவிடாதே. என் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

பிடுங்கியவள் என் பயிற்சியாளர். என்னைவிட ஆறு வயது சின்னவள், பேச்சில் துளி சர்க்கரை கிடையாது. என் பழைய கோல்ஃப் வீச்சின் வீடியோக்களை நான் குளியலறையில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பார்ப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். "பழைய ஆளோட போட்டோவைப் பாத்துக்கிட்டே புது ஆளோட குடும்பம் நடத்த முடியாது. போனைக் குடுங்க" என்றாள். முப்பத்திரண்டு வயதில் கையும் களவுமாகப் பிடிபட்டுக் கொடுத்தேன்.

பயிற்சி மைதானத்துக்கு மேல்மாடியில் அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, சுவர் அளவுக்கு ஒரு கண்ணாடி. காலையில் அந்தக் கண்ணாடி முன்னால் பந்தில்லாமல் இருநூறு முறை மட்டையை வீச வேண்டும். பிறகு கீழே போய் நானூறு பந்து. பந்து கழுவும் இயந்திரம் என் கட்டிலுக்கு நேர் கீழே இருக்கிறது. ஆறு மணிக்கு அதை ஓட்டினால் என் பல்லெல்லாம் ஆடுகிறது.

நான் ஒன்றும் மறக்கவில்லை. ஒன்பது வருஷம் என் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவன், கொடிக்கு இன்னும் எத்தனை கஜம் என்று சொல்லிச் சொல்லியே என்னை ஆடவைத்தவன், சீசனின் கடைசிப் போட்டியில், பதினேழாவது குழியில், இத்தனை பேர் பார்க்க, பையைப் புல்லில் வைத்துவிட்டுப் போனாய். நீ 148 என்றாய். நான் 148 அடித்தேன். பந்து கொடியையும் தாண்டி, புல்லையும் தாண்டி, பின்னால் இருந்த குளத்தில் விழுந்தது. "கண்ணு தெரியுதா உனக்கு?" என்று கத்தினேன். கத்தியது தப்புதான். ஆனால் கடைசிக் குழியை என் பையை நானே சுமந்துகொண்டு முடித்தேனே, அது யார் தப்பு?

சண்டை அதற்கு மூன்று மாசம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது என்பதும் தெரியும். நான் வீச்சை மாற்றப் போகிறேன் என்றதும் உன் முகம் போன போக்கு! "அதே தூரம்தானே போகுது, நல்லா ஓடுற வண்டியை எதுக்குப் பிரிச்சு மேயுற?" என்றாய். நல்லா ஓடுகிற வண்டியா அது? பத்திரிகைக்காரர்கள் ஒன்பது வருஷமாக ஒரே வரியைத்தான் எழுதுகிறார்கள்: திறமை இருக்கிறது, ஆனால். எனக்கு அந்த 'ஆனால்' அலுத்துவிட்டது அண்ணா.

பழைய மணிக்கட்டு முறிவைக் காட்டிச் சங்கத்திடம் மூன்று போட்டி அவகாசம் வாங்கியிருக்கிறேன். மூன்று முடியும்போது தரப்பட்டியலில் ஐம்பதுக்குள் வந்தால் நான் ஆட்டக்காரி. இல்லையென்றால், தொப்பை வைத்த ஆபீசர்களுக்குச் சனி ஞாயிறுகளில் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் அக்கா.

ஒரு விஷயம் கேட்கத்தான் இவ்வளவு நீட்டினேன். பையில் உன் நோட்டு இருந்தது. ஒவ்வொரு மைதானம், ஒவ்வொரு குழி, தூரமெல்லாம் பேனாவில் எழுதியிருக்கிறாய். சரி. ஆனால் ஒவ்வொரு தூரத்துக்கும் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் ஒரு சின்ன எண் இருக்கிறதே, 7, 10, 4 என்று, அது என்ன? எண்களை நான் என்றைக்குமே பார்த்ததில்லை, நீ சொல்வாய், நான் அடிப்பேன். இப்போது புதிதாகப் பை தூக்குகிறவர் கேட்கிறார். ஓய்வு பெற்ற தபால்காரர். பதில் போடு.

மண்வெட்டி

(ஆமாம், எல்லோரும் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வெட்டுகிற மாதிரி வீசுவதை நான் விட்டுவிட்டேன், பெயர் என்னை விடவில்லை.)


ஜனவரி 14

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா முதலில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள். "சண்டை போட்டுக்கிட்டாவது எழுதுதுங்களே" என்றாள். உன் பை தூக்குவதை நான் விட்டதில் அவளுக்கு ஒரே ஒரு சந்தோஷம். "என் பையன் கேடியா இருக்கான்னு ஒன்பது வருஷம் வெளியில சொல்ல முடிஞ்சுதா?" என்கிறாள். கோல்ஃபில் பை தூக்குகிறவனுக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் காதில் ஏறாது.

நான் இப்போது திரைச்சீலைக் கடையில் இருக்கிறேன். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளக்கும் வேலை. முதல் நாள் வாசலில் நின்றபடியே நாலடி மூன்றங்குலம் என்றேன். முதலாளி டேப் வைத்துப் பார்த்தார், நாலடி மூன்றங்குலம். அவர் ஒன்றும் பாராட்டவில்லை. "கண்ணளவெல்லாம் வேற எங்கயாவது வச்சுக்குங்க, இங்க டேப்புதான்" என்றார். அப்புறம் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். ஜன்னல் எவ்வளவு என்று கேட்டு அவ்வளவே துணி வெட்டினால் கெட்டது காரியம், எப்போதும் கூட்டித்தான் வெட்ட வேண்டும். அதை எனக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

பையை வைத்துவிட்டுப் போனது தப்பு. அதை இங்கே எழுதிவிடுகிறேன், இனிமேல் கேட்காதே. இருபது அடி நடந்ததும் திரும்பிப் பார்த்தேன். நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாய். வார் முறுக்கிக்கொண்டிருந்தது. வந்து சரிசெய்துவிட்டாவது போயிருக்கலாம்.

வீச்சு விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை.

பென்சில் எண்ணைப் பற்றிக் கேட்டாய். அது காற்று. அந்தந்தக் குழியில் வழக்கமாக அடிக்கும் எதிர்க்காற்று. பேனா எண்ணோடு அதைக் கூட்டிக்கொள்ளச் சொல்லு உன் தபால்காரரிடம்.

மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? சும்மா இருந்துவிடாதே.

மூட்டை (பையை இறக்கி வைத்தாலும் என் பெயரும் என்னை விடவில்லை.)


பிப்ரவரி 3

அண்ணா,

முதல் போட்டி முடிந்துவிட்டது. நான்கு நாள் போட்டி எனக்கு இரண்டு நாளில் முடிந்தது. பாதியிலேயே வெளியே.

எப்படி வெளியே போனேன் என்று கேள். தட்டுத் தடுமாறி ஆடியிருந்தால்கூட மனசு ஆறும். அடித்ததெல்லாம் அருமையான அடி! மட்டையில் பட்ட சத்தம் கேட்டுப் பக்கத்துக் குழியில் ஆடியவள் திரும்பிப் பார்த்தாள். பந்து நேராகப் போகிறது, அழகாக இறங்குகிறது, எங்கே? கொடிக்குப் பின்னால். மணலில், புதரில், ஒரு தடவை டீ விற்பவரின் மேசைக்கு அடியில். முதல் நாள் பதினெட்டுக் குழியில் பதினொன்று தாண்டிப் போயிற்று. தபால்காரர் உன் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வைத்திருக்கிறார். பேனா எண், பென்சில் எண், இரண்டையும் கூட்டி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துத்தான் சொல்கிறார். "முப்பது வருசத்துல ஒரு லெட்டர் வீடு மாறிப் போனதில்லம்மா, உங்க பந்து ஏன் மாறிப் போகுது?" என்று எனக்குமேல் வருத்தப்படுகிறார்.

பயிற்சியாளர் இயந்திரத்தில் அளந்து பார்த்தாள். ஏழாம் நம்பர் மட்டையில் 141, ஆறாம் நம்பரில் 148. போன வருஷமும் பயிற்சியில் அதேதான். இம்மியும் மாறவில்லை. "போட்டியில மட்டும் ஏன் தாண்டுது?" என்று அவளும் முழிக்கிறாள். அவள் முழித்து நான் பார்த்ததே இல்லை.

அண்ணா, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீ சொன்னதுதான் சரியோ என்று தோன்றுகிறது. பழைய வீச்சில் பந்து எங்கே போகும் என்றாவது தெரியும். அசிங்கமாக இருந்தாலும் என் கைக்குச் சொன்னது கேட்டது. இப்போது அழகாகத் தோற்கிறேன். இரண்டாவது போட்டிக்கு இன்னும் மூன்று வாரம். பதினாறாம் தேதி திங்கட்கிழமை காலையில் பயிற்சியாளரிடம் சொல்லிவிடப் போகிறேன், போதும், என்னை மண்வெட்டியாகவே விட்டுவிடு என்று. உனக்குச் சந்தோஷமாக இருக்கும். நீ ஜெயித்தாய்.

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன்.

மண்வெட்டி


பிப்ரவரி 9

தங்கச்சி,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நான்காவதைப் போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவது என்று உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை எதையும் சொல்லிவிடாதே. இதைப் படித்துவிட்டு முடிவு செய்.

பென்சில் எண் காற்று இல்லை. அது நீ.

பத்தொன்பது வயதில் மட்டை வேரில் மாட்டி உன் மணிக்கட்டு உடைந்ததே, அது கூடி, கட்டுப் பிரித்து, நீ மறுபடி ஆட வந்தாய். பயிற்சியில் பழையபடியே அடித்தாய். ஏழாம் நம்பரில் 141. போட்டி என்று வந்துவிட்டால் மட்டும் பந்தைத் தொடும் அந்தக் கடைசி நொடியில் உன் கை ஒரு துளி பயப்பட்டது. வெளியே யாருக்கும் தெரியாது, உனக்கே தெரியாது. பந்து 134இல் விழும். நான் உன் பையைத் தூக்க வந்த முதல் மாசத்திலேயே கவனித்துவிட்டேன்.

சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். "போட்டியில் உன் கை பயப்படுகிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால், நீ அப்புறம் கையை மட்டும்தான் பார்ப்பாய், பந்தைப் பார்க்க மாட்டாய். அதனால் ஒரு நாள் 134 கஜம் இருந்த இடத்தில் 141 என்று சொல்லிப் பார்த்தேன். நீ ஏழாம் நம்பரை எடுத்தாய், பந்து கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய். அன்றிலிருந்து கூட்டிக்கொண்டே இருந்தேன். நீ நிதானமாக இருக்கும் நாளில் நாலு, வழக்கமாக ஏழு, கூட்டம் அதிகமாக இருந்தால் பத்து. எவ்வளவு கூட்டினேன் என்பதை மறக்காமல் இருக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். ஒன்பது வருஷமாக நான் உன்னிடம் ஒரு தடவைகூட உண்மைத் தூரத்தைச் சொன்னதில்லை.

அந்தக் குளத்துக் குழியில் தூரம் 141. நான் 148 என்றேன்.

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அன்றைக்குப் பதினைந்தாவது குழியில்தான் போட்டியில் முதன்முதலாகப் புது வீச்சை எடுத்தாய்; அதிலும் அடுத்ததிலும் உன் பந்து கொடியைத் தாண்டியது. பார்த்தேன். புது வீச்சில் உன் கை பயப்படவில்லை என்பது அங்கேயே புரிந்துவிட்டது. நம்ப மனம் வரவில்லை. அந்த ஏழு கஜம்தான் நான் செய்த வேலை. அது தேவையில்லை என்றால் நான் வெறும் பை தூக்கி. அதனால் பதினேழிலும் கூட்டினேன். நீ கத்தியது எனக்கு வலிக்கவில்லை. நீ கத்தியது சரி என்று தெரிந்ததுதான் வலித்தது. அதனால்தான் பையை வைத்துவிட்டு நடந்தேன்.

போன மாசம் காற்று என்று எழுதினேனே, அது அதைவிடப் பெரிய தப்பு. என்ன வீச்சாக இருந்தாலும் நீ பயப்படத்தான் செய்வாய் என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்தே உன் போட்டியைக் கெடுத்தேன்.

பந்து தாண்டியது உன் குறையால் அல்ல. நீ அடித்த பதினொன்றும் சரியான அடி. தவறான எண்ணுக்கு அடித்த சரியான அடி. பென்சில் எண்ணை எல்லாம் அழித்துவிட்டு ஆடு.

அண்ணன்


பிப்ரவரி 13

நீ என் கையைக் குறை சொல்லாமல் என் பக்கத்தில் ஒன்பது வருஷம் நடந்தாய். நான்தான் உன் கண்ணைக் குறை சொன்னேன் என்று மூன்று மாசமாகத் தூக்கமில்லாமல் கிடந்தேன். என்னை என்ன கைக்குழந்தை என்று நினைத்தாயா? எனக்குத் தெரியாமல் என் கைக்கு மருந்து கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாயா?

எழுதாதே. வேண்டும்போது நானே எழுதுகிறேன்.


பிப்ரவரி 21

தங்கச்சிக்கு,

எழுதாதே என்றாய். இது நான் எழுதுவது அல்ல, அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது. அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

அம்மா சொல்கிறாள்: "நீ வேளைக்குச் சாப்பிடு. மணிக்கட்டைப் பாத்துக்கோ. உன் அண்ணன் பொய் சொன்னது தப்புதான், நான் அவன்கூட ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் உப்பு எங்கன்னு கேக்க வேண்டியதாப் போச்சு. அவன் சாயங்காலம் மாடியில நின்னுக்கிட்டு எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டி எத்தனை கஜம், தெருமுனைக் கம்பம் எத்தனை கஜம்னு தனக்குத்தானே சொல்லிக்கிறான். ஒரு டாக்டர்கிட்ட காட்டலாமான்னு பாக்குறேன்."

அம்மா சொன்னது முடிந்தது. கீழே இருப்பது என்னுடையது, வேண்டுமென்றால் படிக்காமல் விடு.

நீ வீச்சை மாற்ற ஆரம்பித்த முதல் வாரம், நான் மைதானத்து மூலையில் பையோடு உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நீ முதல் நாள் முப்பது பந்தில் ஒன்றைக்கூட ஒழுங்காகத் தொடவில்லை. ஏழு வயதுப் பிள்ளை மாதிரி தரையை அடித்தாய். பக்கத்தில் புதிதாகக் கற்க வந்தவர்கள் எல்லாம் உன்னைவிட நன்றாக அடித்தார்கள். கோப்பை வாங்கிய நீ, பத்து வருஷம் சோறு போட்ட கையை, எல்லோரும் பார்க்க, ஒன்றும் தெரியாத கையாக ஆக்கிக்கொண்டு நின்றாய். உனக்கு வெட்கமே இல்லை. மறுநாளும் வந்தாய். அதற்கு மறுநாளும்.

என்னால் அது முடியாது. எனக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு ஒரு நாள்கூட என்னால் நிற்க முடியவில்லை, அதைத்தான் நீ குளத்தருகில் பார்த்தாய். உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்று வாயால் சொல்லத் தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

அண்ணன்


மார்ச் 2

அண்ணா,

கோபம் முழுசாகப் போகவில்லை. முக்கால்வாசி போயிற்று. மீதியை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் செய்தி. இரண்டாவது போட்டியில் எட்டாவதாக வந்தேன். நிஜமான எட்டாவது! தபால்காரர் பேனா எண்ணை மட்டும் சொன்னார். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். நோட்டை மூடி வைத்துவிட்டு, "விலாசத்தையே தப்பா எழுதிக் குடுத்தா தபால்காரன் என்னம்மா பண்ணுவான்" என்றார். அதற்கப்புறம்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

பயிற்சியாளரிடமும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் மெஷினை வச்சுப் பாத்தேன், எனக்குத் தெரியல. அவர் வெறுங்கண்ணால பாத்திருக்கார்" என்றாள். பிறகு, பழைய வீச்சில் எல்லா வேலையும் மணிக்கட்டுக்குத்தான், அதனால் பயப்பட அதற்கு நேரம் இருந்தது, இந்தப் புது வீச்சில் உடம்பு திரும்புகிறது, கை கூடவே வருகிறது, பயப்படக் கைக்கு நேரமே கிடைக்காது என்று விளக்கினாள். காரணம் அவளுக்குத் தெரிந்திருந்தது. பயம் உனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

பென்சில் எண்களை அழிக்கச் சொன்னாய். ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழிக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் கிடையாது. எனக்காக நீ எழுதி வைத்திருக்கிறாய். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் நான் ஆடினேனே, அங்கே எல்லாம் 12, 12, 13. நிச்சயம் பண்ணின கல்யாணம் முறிந்தபோது நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் திரிந்தேன், நீயும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் 9, 11, 10 என்று இருக்கிறது. மழை பெய்து நின்ற ஒரு காலையில் 4, 3, 3. எனக்கு மழை விட்ட புல் பிடிக்கும் என்பது எனக்கே இதைப் படித்தபோதுதான் தெரிந்தது. என்னை இவ்வளவு கூர்ந்து யாரும் பார்த்ததில்லை அண்ணா. தாயாக இருந்தாலும் சரி, தாலி கட்ட வந்தவனாக இருந்தாலும் சரி.

பிறகு அந்தப் பக்கத்துக்கு வந்தேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் ஒரே கோப்பையை வாங்கிய நாள். முதல் பதினைந்து குழியிலும் ஐந்து, நாலு, நாலு. கடைசி மூன்றில் பென்சிலால் பூஜ்யம். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம். அந்த மூன்று குழியில் நான் பயப்படவே இல்லை, அது உனக்குத் தெரிந்து நீ கூட்டவும் இல்லை. ஒன்பது வருஷமாக உண்மையைச் சொன்னதே இல்லை என்று எழுதினாயே, அதுவும் பொய். மூன்று தடவை சொல்லியிருக்கிறாய்.

பத்திரிகைக்காரர்களின் 'ஆனால்' எனக்குப் பாடமாகத் தெரியும். அந்த வட்டங்களை இப்போதுதான் பார்க்கிறேன். அதை வைத்துக்கொண்டுதானா இத்தனை வருஷம் என் பையைத் தூக்கினாய்?

மூன்றாவது போட்டி இருபதாம் தேதி ஆரம்பம். அதே குளத்து மைதானம். நாலாவது இடத்துக்குக் குறையாமல் வந்தால்தான் ஐம்பதுக்குள். பை தூக்க வருகிறாயா?

தங்கச்சி


மார்ச் 7

தங்கச்சிக்கு,

ஆமாம், அந்த வட்டங்களை வைத்துக்கொண்டுதான்.

வரமாட்டேன். கோபத்தால் அல்ல. உன் முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தால் என் வாய் தானாகவே கூட்டிவிடும். போன வாரம் ஒரு வீட்டு ஜன்னலுக்குத் துணி வெட்டியபோது ஆறு அங்குலத்துக்குப் பதில் ஒரு அடி கூட்டிவிட்டேன், திரைச்சீலை தரையில் புரள்கிறது. அந்த வீட்டு அம்மாள் உங்களுக்கு என்ன கவலை என்று கேட்டார்கள். இந்த ஒரு போட்டி தபால்காரரோடு ஆடு. அவர் விலாசம் மாற்ற மாட்டார்.

இருபதாம் தேதி நான் கடையில் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டே ஆடு.

அண்ணன்


மார்ச் 25

தங்கச்சிக்கு,

நான் கடையில் இல்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான்காவது நாள் அங்கே வந்திருந்தேன். உன் கண்ணில் படக்கூடாது என்று தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அம்மா, "திருடன் மாதிரி இருக்கடா" என்று சத்தமாகச் சொன்னாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீ பார்க்கவில்லை.

பதினேழாவது குழியில், கயிற்றுக்கு வெளியே, நான் பையை வைத்துவிட்டுப் போன இடத்துக்கு நேராக நின்றோம். பலகையில் உன் பெயர் ஐந்தாவதாக இருந்தது. இந்தக் குழியில் ஒரு அடியைக் குறைத்தால் நாலாவது இடம். கடைசி நாளில் கொடியை எப்போதும் வைக்கும் அதே மூலையில் வைத்திருந்தார்கள். பின்னால் அதே குளம். உன் பந்து விழுந்து கிடந்த இடத்தைப் பார்த்தேன். என் கண் தானாக அளந்தது. 141.

மனசுக்குள் ஏழு வந்து நின்றது. போ என்றேன். போகவில்லை, பத்தாயிற்று. தபால்காரர் நோட்டைப் பிரித்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டார், விரலை வைத்துப் படித்தார். அவர் வாயசைவு எனக்குத் தெரிந்தது: நூத்தி நாப்பத்தொண்ணு. நீ ஒரு நிமிஷம் குளத்தைப் பார்த்தாய். போன தடவை அடித்த ஆறாம் நம்பர் மட்டைமேல் கையை வைத்தாய். என் உயிர் என்னிடம் இல்லை. கையை எடுத்து ஏழாம் நம்பரை உருவினாய்.

எத்தனையோ ஆயிரம் தடவை நீ அடித்துப் பார்த்திருக்கிறேன். எப்போதும் உன் கையைத்தான் பார்ப்பேன், எவ்வளவு பயந்தது என்று எழுத வேண்டுமே. அன்றைக்குத்தான் முதல் தடவையாக உன்னைப் பார்த்தேன். தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பியது. அவசரம் இல்லை. அடித்து முடித்து நீ நின்ற நிலையில் ஒரு படம் எடுத்துச் சுவரில் மாட்டலாம். இத்தனை அழகு உனக்குள்ளேயே இருந்திருக்கிறது, நான் ஏழு ஏழாகக் கூட்டிக்கொண்டு அதற்குக் குறுக்கே நின்றிருக்கிறேன். பந்து கொடிக்கு நேராக இறங்கி அங்கேயே நின்றது. பூஜ்யம். என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். வட்டம் போடப் பென்சில் இல்லை.

அதற்கப்புறம் நீ பந்தை உருட்டிக் குழியில் போட்டதை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். அம்மா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், அதில் தெரிந்துகொண்டேன். போட்டியில் நாலாவது, தரப்பட்டியலில் நாற்பத்தொன்பதாவது இடம் என்று சாயங்காலம் பலகையில் பார்த்தோம். அம்மா அந்தப் பலகையை விட்டு வர மாட்டேன் என்றாள்.

உன்னை வந்து பார்க்காமல் கிளம்பியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அழுத முகத்தோடு வர வேண்டாம் என்று பார்த்தேன்.

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

நீ எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. பூஜ்யம் இல்லை. நீ நின்ற இடத்திலிருந்து பார்த்தால் நேராகத்தான் தெரியும். நான் பக்கத்தில் போய் அளந்தேன். கொடிக்கு இரண்டு கஜம் குறைவு. அந்தக் குளத்தைப் பார்த்தபோது என் கை ஒரு துளி பயந்தது, எனக்கே நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் அடித்தேன். இரண்டு கஜத்தையும் உருட்டி முடித்தேன்.

புது நோட்டு வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் தபால்காரர் பேனாவால் 141 என்று எழுதிக் கொடுத்தார். ஓரத்தில் பென்சிலால் நான் எழுதினேன்: 2.

தபால்காரர் இத்தோடு போதும் என்கிறார். நடப்பது ஒன்றும் இல்லையாம், நெஞ்சுதான் தாங்கவில்லையாம். பயிற்சியாளர் என் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். முதல் காரியமாக அந்தப் பழைய வீடியோக்களைப் பார்த்தேன். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை அண்ணா, அந்த மண்வெட்டிமேல். பாவம், பயந்துகொண்டே எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். பக்கத்தில் ஒருவன் பையோடு நிற்கிறான், வாய்க்குள் எதையோ கூட்டிக்கொண்டு.

அடுத்த போட்டி பன்னிரண்டாம் தேதி. திரைச்சீலைக் கடையில் சொல்லிவிட்டு வா. தூரத்தை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும், என் முகம் எப்படி இருந்தாலும் சரி. ஓரத்து எண்ணை இனிமேல் நான் எழுதிக்கொள்கிறேன். பென்சில் கொண்டு வராதே.

தங்கச்சி